மாத்திரைக் கணக்கு

போன வாரம் சாயங்காலம் நடந்துவிட்டு வரும்போது, அடுத்த தெருக்காரர் ஒருவர் என்னை நிறுத்தினார். "சார், பையன் இப்போ நல்லா இருக்கான். ராத்திரி மாத்திரையில ஒண்ணைக் குறைச்சுப் பார்க்கலாமான்னு இருக்கு. உங்க வீட்டிலயும் இப்படி ஒருத்தர் இருந்தாருல்லா, நீங்க என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டார்.

நான் டாக்டர் இல்லை. புதுச்சேரி அரசாங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். "டாக்டரைக் கேக்காம குறைக்காதீங்க, கூட்டவும் கூட்டாதீங்க" என்று மட்டும் சொன்னேன். "இவ்வளவுதானா?" என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்த பிறகு, அவருக்கு இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எழுபது வருடத்துக்கு மேலான சரித்திரம் இருக்கிறது. என் சொந்தத் தப்பு ஒன்றும் இருக்கிறது. தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு கல்யாண வீடு

1985-ஆம் வருடம். கூடங்குளம் என் மனைவியின் ஊர். அணுமின் நிலைய ஒப்பந்தம் கையெழுத்தாக இன்னும் மூன்று வருடம் இருந்தது. மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். என் மச்சினனுக்கு அப்போது 23 வயது. இருபது வயதில் அவனுக்கு நோய் தொடங்கியது. ஆள் இல்லாத அறையில் யாரோ பேசுவது கேட்கும். ரேடியோச் செய்தியில் தன்னைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்பான். மனச்சிதைவு நோய் என்ற பெயரெல்லாம் எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது.

அத்தை அவனை உவரி அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிப்போனார். ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கும் கூட்டிப்போனார். இந்தப் பக்கத்தில் இந்த ஒரு கஷ்டத்துக்கு மட்டும் சாதி மதம் யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ஹாலோபெரிடால் 5 மில்லிகிராம், ராத்திரி ஒன்று என்று எழுதிக்கொடுத்தார். இரண்டு மாதத்தில் குரல்கள் குறைந்தன. அவனாகவே குளித்தான், சாப்பிட்டான், கடைக்குப் போய் வந்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, சம்பந்தகாரங்க முன்னாடி இவன் எதையாவது பேசிரக் கூடாது. நாளைக்கு ஒரு நாள் சும்மா இருந்தாப் போதும்." என்ன கேட்கிறார் என்று புரிந்தது. படித்தவன், அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவன் என்று என்னிடம் கேட்டார். நானும் யோசிக்கவில்லை. ராத்திரி ஒன்றுக்குப் பதில் மூன்று கொடுத்தேன். காலையில் இன்னும் இரண்டு. ஆக 25 மில்லிகிராம். டாக்டர் சொன்னதைப் போல் ஐந்து மடங்கு.

தாலி கட்டி முடிந்து பந்தி பரிமாறும் நேரம். அவன் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண் இரண்டும் மேலே செருகிவிட்டன. நாக்கு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. பந்தியில் ஒருவர் "பேய் பிடிச்சிருக்கு, வேப்பிலை கொண்டாங்க" என்று எழுந்தார். அவனுக்கு நினைவு முழுதாக இருந்தது. வாய் குழறி என்னிடம், "அத்தான், யாரோ கழுத்தைப் பிடிச்சு இழுக்கான்" என்றான். இதை எழுதும்போதும் அந்தக் குரல் காதில் கேட்கிறது.

ஒரு கார் பிடித்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர், "மாத்திரை எத்தனை குடுத்தீங்க?" என்று கேட்டார். "ஒண்ணுதான்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துத் திரும்பவும் கேட்டார். "அஞ்சு" என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. ஃபெனர்கன் என்று ஒரு ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் கழுத்து நேரானது. "இது பேயும் இல்ல, அவரோட நோயும் இல்ல. நீங்க குடுத்த மாத்திரை" என்றார்.

புதுச்சேரிக்குத் திரும்பிய பிறகும் அந்த ஊசியின் பெயர் மனசைவிட்டுப் போகவில்லை. நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பிரெஞ்சு வழியில் படித்தவன். கையில் கிடைத்த பிரெஞ்சுப் புத்தகங்களில் இந்த மாத்திரைகளின் கதையைத் தேட ஆரம்பித்தேன். தேடியதில் தெரிந்தது இதுதான்: இந்த மருந்துகளின் வம்சமே அந்த ஊசி மருந்திலிருந்து பிறந்தது.

பாரிஸில் பிறந்த மாத்திரை

ஃபெனர்கனுக்கு வேதிப்பெயர் புரோமெத்தசின். பிரான்சின் ரோன் பூலாங் கம்பெனி 1940-களில் ஒவ்வாமைக்காகக் கண்டுபிடித்த மருந்து. துனிசியாவில் பிசெர்த் துறைமுகத்தில் ஆன்ரி லபோரி என்ற கடற்படை அறுவை மருத்துவர் வேலை பார்த்தார். ஆபரேஷன் செய்யும்போது நோயாளிக்கு ஏற்படும் அதிர்ச்சியைக் குறைப்பதற்காக இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் தூங்கிவிடாமல், அதே சமயம் எதற்கும் பதறாமல் அமைதியாக இருந்ததைக் கவனித்தார். இதைவிட வலுவான மருந்து வேண்டும் என்று கேட்டார். 1950 டிசம்பரில் ரோன் பூலாங்கின் வேதியியலாளர் போல் ஷர்ப்பான்தியே ஒரு புதிய பொருளைத் தயாரித்தார். கம்பெனியின் பதிவேட்டில் அதற்கு 4560 என்று எண் போட்டார்கள். அதுதான் குளோர்புரோமசின்.

லபோரிக்கு மனநோய் குறியே அல்ல. உடம்பின் சூட்டைக் குறைத்து, செயற்கையான ஒரு குளிர்காலத் தூக்கத்தில் நோயாளியை வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் திட்டம். உடம்பின் சூட்டைக் கலைக்கும் இந்தக் குணத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நம் ஊர் வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

1952 ஜனவரி 19 அன்று பாரிஸின் வால் தெ கிராஸ் ராணுவ மருத்துவமனையில், கட்டுக்கடங்காமல் இருந்த 24 வயது இளைஞர் ஒருவருக்கு இந்த மருந்தை முதல்முறையாக மனநோய்க்காக ஊசியாகப் போட்டார்கள். முதல் அளவு 50 மில்லிகிராம். ஏறக்குறைய 20 நாளில் மொத்தம் 855 மில்லிகிராம் சேர்ந்தது. அவர் வீடு திரும்பும் நிலைக்கு வந்தார். அவருக்கு வேறு சிகிச்சைகளும் கூடவே நடந்ததால் முழுப் பெருமையும் இந்த மருந்துக்குச் சேராது. ஆனால் 855 என்று கடைசி எண் வரைக்கும் எழுதி வைத்திருந்தார்களே, அதுதான் என்னை நிறுத்தியது. நான் கொடுத்த ஐந்து மாத்திரை எந்தத் தாளிலும் இல்லை.

அதே வருடம் பாரிஸின் சேந்த் ஆன் மனநல மருத்துவமனையில் ழான் தெலே, பியேர் தெனிகேர் என்ற இரண்டு மருத்துவர்கள் வேறு மருந்து எதையும் கலக்காமல் இதை மட்டும் 38 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு 75 முதல் 100 மில்லிகிராம் வரை. 1952 மே மாதக் கடைசியில் முதல் அறிக்கையைப் படித்தார்கள். கூச்சலும் கட்டிப்போடுவதுமாக இருந்த வார்டுகளில் சத்தம் அடங்கத் தொடங்கியது. மருந்து லார்காக்டில் என்ற பெயரில் கடைக்கு வந்தது. பரந்த செயல் உள்ளது என்று அர்த்தம் வரும்படி வைத்த பெயர்.

கனடாவின் மாண்ட்ரியாலில் ஹைன்ஸ் லேமன் என்ற மருத்துவர் இருந்தார். மருந்துக் கம்பெனி ஆள் விட்டுப்போன பிரெஞ்சுத் தாள்களைப் படித்துத்தான் அவர் இந்த மருந்தைப் பற்றித் தெரிந்துகொண்டார். பிரெஞ்சு தெரிந்திருந்ததால் வட அமெரிக்காவில் அவர் முந்திக்கொண்டார். அமெரிக்க அரசு 1954-இல்தான் அனுமதி கொடுத்தது.

நம் நாட்டு வேர்

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தா என்ற செடியின் வேரைச் சித்தப்பிரமைக்குக் கொடுப்பது இங்கே பழைய வழக்கம். 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அந்த வேர்ப் பொடியைப் பற்றி ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு 20 முதல் 30 கிரெயின் கொடுத்தால் ரத்தக்கொதிப்பும் குறைகிறது, மூர்க்கமும் அடங்குகிறது என்றார்கள். வைத்தியர்களின் வாய்வழக்காக இருந்த ஒன்று அளவோடு அச்சில் வந்தது. 1949-இல் பம்பாயின் ருஸ்தம் ஜல் வக்கீல் ரத்தக்கொதிப்புக்கு அதைக் கொடுத்துப் பார்த்து இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதினார். அந்த வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின், 1954 வாக்கில் அமெரிக்காவில் மனநோய்க்கும் வந்தது. 1957-இல் லாஸ்கர் விருது கொடுத்தபோது லபோரி, தெனிகேர், லேமன் மூவரோடு வக்கீலின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

ரெசர்பின் நிலைக்கவில்லை. ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியது, மனச்சோர்வு வந்தது. லார்காக்டிலும் அதன் வாரிசுகளும் நிலைத்தன. 1958-இல் பெல்ஜியத்தில் பால் யான்சென் ஹாலோபெரிடாலைக் கண்டுபிடித்தார். நான் ஐந்து கொடுத்தது அதைத்தான்.

எது போதுமான அளவு?

மருந்து கிடைத்துவிட்டது. எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் நாற்பது வருடம் ஆனது.

இந்த மருந்துகளை உட்கொண்டவர்களுக்கு உடல் விறைத்தது, கை நடுங்கியது, நடை சுருங்கியது. பக்கவாட்டில் வந்த இந்தத் தொல்லை, மருந்து வேலை செய்வதற்கே அடையாளம் என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள். ஜெர்மனியில் ஹாசே என்ற மருத்துவர் ஒரு எளிய வழி கண்டார். நோயாளியைத் தினமும் ஒரே வரிகளைத் தாளில் எழுதச் சொன்னார். மருந்தின் அளவு கூடும்போது ஒரு கட்டத்தில் கையெழுத்து சின்னதாகி நெருங்கும். அந்த இடம்தான் வாசற்படி. அதைத் தாண்டிப் போகத் தேவையில்லை என்றார். முப்பது வருடத்துக்கு மேல் தினமும் எழுதிப் பிழைத்த எனக்கு இது மிகவும் பிடித்த சங்கதி.

ஆனால் அறுபது, எழுபதுகளில் பல மருத்துவமனைகள் அதைக் கேட்கவில்லை. கொஞ்சம் நல்லதென்றால் நிறைய இன்னும் நல்லது என்று அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். 1968-இல் அமெரிக்காவில் பிரீன், கோல் இருவரும் நாள்பட்ட நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்குக் குளோர்புரோமசின் 2000 மில்லிகிராமும் இன்னொரு பிரிவுக்கு 300 மில்லிகிராமும் கொடுத்து ஒப்பிட்டார்கள். இளம் வயதினரில், மருத்துவமனையில் அதிக காலம் இராதவர்களில் சிலருக்குத்தான் பெரிய அளவால் பலன் இருந்தது. தொல்லை மட்டும் கூடியது. 1991-இல் மெக்எவாய் குழுவினர் ஹாசேயின் வாசற்படியை ஹாலோபெரிடாலில் சோதித்தார்கள். சராசரி 4 மில்லிகிராமுக்குக் கீழே வந்தது. அதற்கு மேல் ஏற்றியதில் குணம் கூடவில்லை, விறைப்புதான் கூடியது.

ஏன் அப்படி என்பதை மூளையைப் படம் பிடிக்கும் கருவி காட்டியது. மூளையில் டோப்பமின் என்ற பொருள் போய் ஒட்டும் இடங்களை இந்த மருந்துகள் அடைக்கின்றன. 2000-இல் டொரோண்டோவில் கபூர் குழுவினர் முதல்முறை நோய் வந்தவர்களுக்கு ஹாலோபெரிடாலை 1 அல்லது 2.5 மில்லிகிராம் கொடுத்து அளந்தார்கள். ஏறக்குறைய 65 சதவீத இடங்கள் அடைபட்டால் குணம் தெரிந்தது. 78 சதவீதத்தைத் தாண்டினால் விறைப்பும் நடுக்கமும் வந்தன. குணத்துக்கும் கஷ்டத்துக்கும் நடுவில் இடைவெளி அவ்வளவு குறுகியது.

இதைப் படித்தபோதுதான் 1985-இல் என் மச்சினன் கழுத்தை யார் பிடித்து இழுத்தார்கள் என்று எனக்கு முழுதாக விளங்கியது.

சங்கிலி

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். சென்னையில் 1794-இலேயே வாலன்டைன் கானலி என்ற ஆங்கிலேய மருத்துவர் மனநோயாளிகளுக்கு ஒரு இல்லம் தொடங்கினார். அதன் தொடர்ச்சிதான் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை. 1961-இல் டாக்டர் சாரதா மேனன் அதன் கண்காணிப்பாளரானார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அவரைச் சொல்வார்கள். 1978 வரை அங்கே இருந்தார். மாத்திரை வந்துவிட்டதால் நோயாளி உள்ளேயே இருக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்து வந்து வாங்கிப்போகலாம் என்ற வழியைப் பெரிதாக்கினார். 1984-இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தையும் தொடங்கினார். மாத்திரை மட்டும் போதாது, வேலை வேண்டும், குடும்பத்துக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் கட்சி. 2021-இல் 98 வயதில் காலமானார்.

ஆனால் சென்னை ஒரு பக்கம், நம் கடற்கரை ஒரு பக்கம். 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்கா அருகே ஒரு தனியார் மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். அன்றைக்கே 25 பேர் இறந்தார்கள். பிறகு எண்ணிக்கை 28 ஆனது. சங்கிலியோடு கிடந்த உடல்களின் படம் பத்திரிகையில் வந்த காலை, எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை மெதுவாகச் சொன்னார்: "மொதல்ல ஏர்வாடிக்குத்தான் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன், மாப்பிள்ளை."

அங்கே இருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு, எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது.

பாரிஸில் மாத்திரை பிறந்து 49 வருடம் கழித்து ஏர்வாடியில் மனிதர்கள் சங்கிலியில் எரிந்தார்கள். மாத்திரை அதற்கு எத்தனையோ வருடம் முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது, விலையும் மலிவு. ஆனால் உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, இவருக்கு எவ்வளவு, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதி வைக்க ஆள் இல்லாத இடத்துக்கு மருந்து போய்ச் சேருவதில்லை.

கோயிலையும் தர்காவையும் நான் குறை சொல்ல மாட்டேன். 2002-இல் இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில் ஒரு ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பார்த்து எழுதியது. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து இல்லாமலே நோயின் அளவீடு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. குடும்பத்தார் கூடவே இருந்தார்கள், கட்டிப்போடவில்லை, சிறு சிறு வேலை கொடுத்தார்கள். ஏர்வாடி தர்காவிலேயே பிற்பாடு மருந்தும் துவாவும் சேர்ந்த ஒரு திட்டத்தை அரசாங்கம் கொண்டுவந்தது. இதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அத்தை கடைசி வரைக்கும் செவ்வாய்க்கிழமை உவரிக்குப் போய் வந்தார். மாத்திரையையும் விடவில்லை.

பீடியும் வெயிலும்

தொண்ணூறுகளின் கடைசியில் என் மச்சினனுக்குப் பழைய மாத்திரைகள் போதாமல் போயின. குளோசபின் என்ற மருந்துக்கு மாற்றினார்கள். வேறு இரண்டு மருந்துக்கும் அடங்காத நோய்க்குத்தான் இதைக் கொடுப்பார்கள். 1988-இல் அமெரிக்காவில் ஜான் கேன் குழுவினர் அப்படிப்பட்டவர்களுக்கு இதைக் கொடுத்தபோது 30 சதவீதம் பேர் தேறினார்கள். ஒப்பிட்ட மருந்தில் 4 சதவீதம்தான்.

இந்த மருந்துக்கும் ஒரு இருண்ட வருடம் உண்டு. 1975-இல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்ட சிலருக்கு ரத்தத்தின் வெள்ளையணுக்கள் அற்றுப்போய், சாதாரணக் கிருமித் தொற்றைக்கூடத் தாங்க முடியாமல் 8 பேர் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்தை நிறுத்திவிட்டார்கள். தவறாமல் ரத்தம் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பிறகு திரும்பி வந்தது. முதல் 18 வாரம் வாரத்துக்கு ஒருமுறை வெள்ளையணுக்களை எண்ணுவது பல நாடுகளின் வழக்கம். அமெரிக்காவில் 2025-இல் கட்டாயப் பதிவு முறையை எடுத்துவிட்டார்கள். எண்ணிப் பார்க்கச் சொல்வதை எடுக்கவில்லை. ஆக, இந்த மருந்தை உயிரோடு வைத்திருப்பதே ஒரு பதிவேடுதான்.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. தாமிரபரணிக் கரையில் முக்கூடல், அம்பாசமுத்திரம், பேட்டை என்று பீடி சுற்றும் ஊர்கள் நிறைய. என் மச்சினனும் நாளைக்கு ஒரு கட்டு ஊதுவான். 2006-இல் கால் முறிந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தான். அங்கே பீடி இல்லை. மாத்திரை அதே அளவுதான், ஆனாலும் நாள் முழுக்கத் தூங்கி வழிந்தான், வாயில் எச்சில் ஒழுகியது. மனநல டாக்டரைப் போனில் பிடித்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "பீடியை நிறுத்திட்டாரா?" புகையில் உள்ள பொருள்கள் ஈரலைத் தூண்டி குளோசபினைச் சீக்கிரம் கழித்துவிடுமாம். புகையை நிறுத்தினால் அதே மாத்திரை உடம்பில் கூடுதலாகத் தங்கும். அளவைக் குறைத்தார், தெளிந்துவிட்டான். பீடியை விடுவது நல்ல காரியம்தான். ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும். அதேபோல் குளோசபினை இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் பழைய அளவைத் திடீரென்று எடுக்கக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து திரும்பவும் படியேற வேண்டும். மலச்சிக்கலைச் சாதாரணம் என்று விடக் கூடாது. இந்த மருந்தில் அதுவே உயிரை எடுத்த சம்பவங்கள் உண்டு.

வெயிலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? லபோரி விரும்பிக் கேட்ட அதே குணம், உடம்பு தன் சூட்டைத் தானே சரிசெய்யும் சக்தியைக் குறைப்பது, சித்திரை வெயிலில் எதிரியாகிவிடும். குளோர்புரோமசின் சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் பட்ட தோலும் சீக்கிரம் கருகும். காய்ச்சலும் உடல் விறைப்பும் சேர்ந்து வந்து, ஆள் குழம்பிப் பேசினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இந்த ஆபத்தை 1960-இல் தெலேயும் அவர் குழுவினரும்தான் முதலில் பெயர் வைத்து எழுதினார்கள். மருந்தைக் கொண்டுவந்தவர்களே அதன் கெடுதலையும் எழுதி வைத்தது எனக்கு மரியாதையைத் தந்தது.

நோட்டு

கல்யாணம் முடிந்த மறுவாரமே நான் ஒரு நோட்டு போட்டேன். தேதி, மாத்திரை, மில்லிகிராம், தூக்கம், என்ன பேசினான் என்று ஐந்து கட்டம். நான் இருப்பது புதுச்சேரியில். அத்தைக்கு எழுதத் தெரியாது. அவர் மாதக் காலண்டரில் மாத்திரை கொடுத்த நாளுக்கு ஒரு கோடு போடுவார், தூங்காத நாளுக்கு ஒரு வட்டம். லீவில் வரும்போது நான் அதை நோட்டில் ஏற்றுவேன். டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் கூட்டுவார், குறைப்பார். ஒரு காலத்தில் அத்தை மாத்திரையைப் பொடித்துச் சாம்பாரில் கலந்தார். அவன் கண்டுபிடித்து இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவே இல்லை. அதற்குப் பிறகு நோட்டை அவன் கையிலேயே கொடுத்துவிட்டோம். கையெழுத்து அழகாக இருக்கும். "அத்தான், நேத்து அரை மாத்திரைதான், எழுதிட்டேன்" என்று போனில் சொல்வான்.

ஒருமுறை, 1993-இல், நன்றாக இருக்கிறான் என்று நாங்களாகவே நிறுத்தினோம். மூன்று மாதம் எதுவும் தெரியவில்லை. நாலாவது மாதம் குரல்கள் திரும்பிவிட்டன. பிறகு படித்தேன். 2012-இல் லான்செட் பத்திரிகையில் பல ஆய்வுகளைத் தொகுத்திருந்தார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது 27 சதவீதம், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 64 சதவீதம். இன்னொரு பக்கமும் உண்டு. 2013-இல் நெதர்லாந்தில் ஒரு ஆய்வு. முதல்முறை நோய் வந்தவர்களுக்கு டாக்டர் மேற்பார்வையில் மெல்லக் குறைத்ததில், ஏழு வருட முடிவில் 40 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். அதே அளவில் தொடர்ந்தவர்களில் 18 சதவீதம்தான். அதனால் குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குறைப்பதும் ஒரு சிகிச்சை. அதை வீட்டு ஆட்கள் தாங்களாகச் செய்யக் கூடாது.

என் மச்சினன் 2019-இல் 57 வயதில் மாரடைப்பில் போய்விட்டான். கடைசிப் பத்து வருடத்தில் உடம்பு பெருத்தது, சர்க்கரை வந்தது. மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக இளவயதிலேயே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் இதயமும் சர்க்கரையும்தான் காரணம். குளோசபின் போன்ற மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். பீடியும் சேர்ந்துகொள்ளும். அவன் நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். முப்பத்து நாலு வருடம். மாத்திரை ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. எடை எழுத ஒரு கட்டம் இல்லை. இடுப்பளவுக்கு இல்லை, சர்க்கரைக்கு இல்லை. குரல் கேட்கிறதா என்று நான் முப்பது வருடம் கேட்டிருக்கிறேன், மூச்சு வாங்குகிறதா என்று கேட்கவில்லை. அந்த நோட்டுக்குக் கட்டம் போட்டவன் நான்தான்.

நாளைக்குச் சாயங்காலம் அந்தப் பக்கத்துத் தெருக்காரரைப் பார்ப்பேன். கையில் ஒரு நூறு பக்க நோட்டு கொண்டுபோகிறேன். கட்டம் போட்டு வைத்துவிட்டேன்: தேதி, மாத்திரை, மில்லிகிராம், தூக்கம், பேச்சு, பீடி, மலம் கழித்தது, மாதம் ஒருமுறை எடை, இடுப்பளவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை. இதைத் திறந்து டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு, "குறைக்கலாமா?" என்று அவரிடமே கேளுங்கள் என்று சொல்லப் போகிறேன். எழுதுவது அந்தப் பையனாகவே இருந்தால் இன்னும் நல்லது.